வலி தெரியாத நேரம்

செங்கல்பட்டு
14 ஜூலை 2024

அன்புள்ள பிரபா அக்காவுக்கு,

தங்கை ஜாக்குலின் எழுதுவது. நான் சுகம். கன்னியர் மடத்துச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, போன மாதம் எழுதிய இருமல் நின்றுவிட்டதா என்று எழுதவும்.

அம்மாவும் சுகம் என்று எழுத முடியவில்லை. பயப்படாதே. போன ஞாயிற்றுக்கிழமை பீச்சில் நம் தள்ளுவண்டியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது எண்ணெய் சரிந்து இடது கையில் பட்டுவிட்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சீக்கிரம் ஆறிவிடும்.

அன்றைக்கு மகாபலிபுரத்தில் நல்ல கூட்டம். நம் வண்டிக்குப் பக்கத்தில் சோளம் விற்கிற முனிசாமி மாமாவை உனக்குத் தெரியுமே, அவர் தன் வண்டியை இடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் கைப்பிடி நம் வண்டியில் இடித்தது. நம் வண்டி உருண்டு சாய்ந்து, வடசட்டி சரிந்துவிட்டது. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மடத்து நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்த சிஸ்டர் "யாரும்மா, சொல்லுங்க" என்றதும் பயந்துவிட்டேன். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். பயிற்சி வருடம் முடியும்வரை உனக்குப் போன் கிடையாது என்பதும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்குப் பயமில்லை.

அம்மா உன்னைக் கேட்டாள். வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை,
ஜாக்குலின்


கும்பகோணம்
26 ஜூலை 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தங்கை ஜாக்குவுக்கு அக்கா எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை மதர் முதலில் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டுக் கையில் கொடுத்தார். உட்காரச் சொன்னபோதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. இங்கே வருகிற கடிதமும் போகிற கடிதமும் அவர் பார்வைக்குப் பிறகுதான். அதற்காக நீ எதையும் சுருக்கி எழுத வேண்டாம். எண்ணெய் எவ்வளவு தூரம் பட்டது? விரல்கள் மடங்குகின்றனவா? "சீக்கிரம் ஆறிவிடும்" என்று சொன்னது டாக்டரா, நீயா?

முனிசாமி மாமா மேல் கோபம் வைக்காதே. அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். "உன்மேல் எனக்கு வருத்தமில்லை" என்று அம்மாவை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல். குற்ற உணர்ச்சியோடு ஒரு மனிதர் இராத்தூக்கம் இல்லாமல் இருப்பது கொடுமை. அவருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

அப்பா இறந்தபோது எல்லாவற்றையும் நான் முன்னின்று செய்தேன். இப்போது நீ தனியாக நிற்கிறாய். மன்னித்துக்கொள்.

அன்புடன்,
பிரபா


செங்கல்பட்டு
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் நின்றது கேட்டு அம்மாவுக்குச் சந்தோஷம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இடது கை முழங்கை வரைக்கும் வெந்திருக்கிறது. புறங்கையும் விரல்களும்தான் அதிகம். தொடையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம். விரல் இன்னும் மடங்கவில்லை. "சீக்கிரம்" என்று சொன்னது நான்தான். டாக்டர் ஐந்தாறு மாதம் என்றார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரிப்பார்கள். ஒட்டிக்கொண்ட துணியை எடுத்து, கழுவி, செத்த தோலை நீக்கி, மருந்து வைத்து மறுபடியும் கட்டுவார்கள். வலிக்கு ஊசி போட்ட பிறகும் தாங்க முடியாது. எண்ணெய் பட்டபோதுகூட அம்மா அப்படிக் கத்தவில்லை. அப்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியே காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

போன வெள்ளிக்கிழமை ரோஹித் என்று ஒரு சார் வந்தார். ஒரு இன்ஜினியரிங் காலேஜும் இங்குள்ள டாக்டர்களும் சேர்ந்து எதையோ சோதித்துப் பார்க்கிறார்களாம். கண்ணை முழுக்க மூடுகிற ஒரு கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்தார். வி.ஆர். என்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் வேறு ஏதோ இடத்துக்குள் போய் நிற்பது போல இருக்கும். தலையைத் திருப்பினால் அந்த இடமும் கூடவே திரும்பும். புத்தி அங்கே போய்விடுவதால் வலியைக் கவனிக்க ஆள் இருக்காது என்று சொன்னார். ஊசியை நிறுத்தமாட்டார்கள். ஊசியோடு இதுவும்.

அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பீச்சுல குதிரைக்குக் கட்டுற கண்பட்டை மாதிரி கீது?" என்றாள்.

"போட்டுப் பாருங்கம்மா. உள்ள பனி மலை இருக்கு. பென்குயின் வரும். நீங்க அதைப் பாத்தாலே போதும், பனி உருண்டை போய் அடிக்கும்."

"அத்த நான் ஏன்பா அடிக்கணும்? அது என்னை இன்னா பண்ணுச்சி?"

ரோஹித் சார் சிரித்துக்கொண்டே அதை அம்மா கண்ணில் மாட்டிவிட்டார். ஒரு காதில் மட்டும் அதன் சத்தம், இன்னொரு காது எங்களுக்கு. அம்மா தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று, "யம்மாடி, எவ்ளோ ஐஸு! ஒரு பொட்டி ஐஸுக்கு நாம நாய் மாதிரி அலையுறோம், இங்க கேக்க நாதியில்லாம கெடக்குது பாரு!" என்றாள். வார்டே சிரித்தது.

கட்டுப் பிரிக்கிற நர்ஸ் பெயர் விஜயகுமாரி. இங்கேயும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிடுவது போல இருக்கிறது. அவர் என்னை இழுத்து அம்மாவின் வலது பக்கம் உட்கார வைத்தார். "கையைப் புடிச்சிக்கோ. இன்னா தெரியுது, இன்னா தெரியுதுன்னு கேட்டுகினே இரு. நீ வாயை மூடுனா உங்கம்மா வெளிய வந்துடும். அப்புறம் எனக்குத்தான் பேஜாரு."

எனக்கா அந்த வேலை! ஆனால் கேட்டேன். "இன்னாம்மா தெரியுது?" "மலை." "அப்புறம்?" "அந்தப் பறவை. கைகட்டிகினு நிக்குது, உங்கப்பன் மாதிரி." இருபது நிமிடம். கண்ணாடியைக் கழற்றியபோது அம்மா புதுக் கட்டைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிடுச்சா?" என்றாள். வலிக்குப் பத்தில் எத்தனை என்று கேட்பார்கள். எப்போதும் ஒன்பது சொல்பவள் அன்று நாலு என்றாள்.

வெளியே வந்து நான் அழுதேன். சந்தோஷம்தான் என்று விஜயகுமாரி சிஸ்டர் நினைத்துக்கொண்டார்.

உன் ஜெபத்தில் எங்களை நினை.

ஜாக்குலின்


பூஞ்சேரி
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டுப் பிரிக்க மட்டும் இங்கிருந்து பஸ்ஸில் போய் வருகிறோம். அம்மாவுக்குப் பசி வந்துவிட்டது. உனக்கு வேளைக்கு வேளை சாப்பிடச் சொல்லி எழுதச் சொன்னாள்.

முனிசாமி மாமாவை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் கவனம் இல்லாமல் வண்டி தள்ளுகிறவர் அடுப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று வண்டிக்காரர்கள் சங்கத்தில் முடிவு. இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கிறார். அங்கே யார் சோளம் வாங்க வருவார்கள்? அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். "நான் பண்ணதுக்கு இது கம்மி" என்றாராம்.

தினமும் மதியம் மாமா தன் வீட்டில் மாமி சமைத்த சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது செங்கல்பட்டு வரைக்கும் கொண்டுவந்தார். உள்ளே வரமாட்டார், வாசலிலேயே நிற்பார்.

"தங்கச்சி, கண்ணு தெரியாத கபோதி மாதிரி தள்ளிகினு வந்துட்டேன் தங்கச்சி."

"வுடுண்ணா. நடந்தது நடந்துபோச்சி."

அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். கோபம் தீரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் ஒரு கூட்டு அதிகமாகக் கொண்டுவருவார். அந்தச் சோறு எனக்கு இறங்குவதில்லை. அம்மாவுக்குப் போட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அவருக்காக நீ ஜெபிப்பதாக எழுதியிருந்தாய். அதை நிறுத்திவிடு அக்கா. ஏன் என்று இப்போது எழுத முடியவில்லை. மதரும் படிப்பார்கள் அல்லவா? மனதில் ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டியது. சொன்னால் அம்மா தாங்குவாளா என்று தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

ஜாக்குலின்


கும்பகோணம்
2 செப்டம்பர் 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தங்கைக்கு, உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்தன. அம்மா வீடு திரும்பியது கேட்டு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம்.

ஐஸ் மலையைப் பற்றி எழுதியதை மதர் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சேப்பலுக்குப் போய்விட்டேன். முழங்கை வரைக்கும் என்று அதே கடிதத்தில்தான் இருந்தது.

நீ எதைச் சொல்லத் தயங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லிவிடு. நாள் போகப் போகச் சொல்வது கடினம். எனக்கு அது நன்றாகத் தெரியும். அம்மா பாடுபட்டுக்கொண்டிருக்கிற வேளையில் சொல்லாதே. வலி தெரியாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல். அம்மா நம் அம்மாதானே.

நீ பத்தாவதோடு நின்றுவிட்டாயே என்று இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன்.

அன்புடன்,
பிரபா


பூஞ்சேரி
13 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கும், படிக்கப்போகும் மதருக்கும்,

நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முனிசாமி மாமா எங்கள் வண்டியைச் சாய்க்கவில்லை. நான்தான் சாய்த்தேன்.

அன்றைக்கு நான்கு மணி இருக்கும். நான் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். ரோட்டுப் பக்கமிருந்து பத்தாவதில் என் வகுப்பில் படித்த ஜோதிலட்சுமியும் இன்னும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் போலிருக்கிறது, மூன்று பேர் கழுத்திலும் காலேஜ் அட்டை. நேராக நம் வண்டியைப் பார்த்துத்தான் வந்தார்கள். என் கையெல்லாம் மசாலா, நைட்டி மேல் அப்பாவின் பழைய சட்டை. யோசிக்கவே இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டேன்.

நம் இடம் சரிவு. அதனால் பின் சக்கரத்துக்கு அணைவாகச் செங்கல் வைத்திருப்போம். உள்ளே காலை மடக்கியபோது என் முட்டி செங்கல்லைத் தள்ளிவிட்டது. வண்டி நகர்ந்தது தெரிந்தது. பிடித்து நிறுத்தியிருக்கலாம். எழுந்தால் அவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று ஒரு நொடி பேசாமல் இருந்தேன். அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் நடந்தது. அப்போது பார்த்து முனிசாமி மாமாவின் வண்டியும் லேசாக உரசியது. அம்மாவின் சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது, "நான்தான், நான்தான்" என்று அவரே தலையில் அடித்துக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

இதைத்தான் அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். வலி தெரியாத நேரமாகப் பார்த்துச் சொல் என்று நீ எழுதினாய். வீட்டில் அம்மாவுக்கு அப்படி ஒரு நேரமே இல்லை. தூக்கத்திலும் முனகுகிறாள். எனக்குத் தெரிந்து வலி தெரியாத நேரம் அந்தக் கண்ணாடி போட்டிருக்கும் இருபது நிமிடம்தான். என் முகமும் அம்மாவுக்குத் தெரியாது. அவள் முகத்திலும் பாதியை நான் பார்க்க வேண்டாம். இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

புதன்கிழமை சொன்னேன். அன்று ரோஹித் சார் வேறு படம் வைத்திருந்தார், ஆறும் காடும். விஜயகுமாரி சிஸ்டர் விரல்களிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா தெரியுது?" என்றேன். "தண்ணி ஓடுது. படகுல போறேன். யாருமே இல்லடி" என்றாள். எவ்வளவு நிம்மதியான குரல் தெரியுமா? நான் குனிந்து காதருகில், "அம்மா, மாமா வண்டி இடிச்சதால இல்லம்மா, செங்கல்லை நான்தான் தள்ளிட்டேன், பயந்துகினு உள்ள பூந்துட்டேன்" என்றேன்.

அம்மா அலறினாள். அக்கா, முதல் வாரத்தில்கூட அப்படிக் கேட்டதில்லை. என் கையை உதறி, கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். உரித்துக்கொண்டிருந்த கையைத் தன் பக்கம் இழுத்ததில் விரல் நடுவே புதுத் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. கட்டு முடிக்கிறவரை மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பத்தில் எத்தனை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

சிஸ்டர் வெளியே வந்து, "இன்னாத்தடி சொன்ன அதுகிட்ட?" என்று கேட்டார். "பேசிகினே இருன்னு சொன்னது உள்ள இருக்குறதப் பத்தி. வூட்டுக் கதைய யாரு எடுக்கச் சொன்னது? படகுல போய்கினு இருந்தவளைப் புடிச்சி கரையில தள்ளிட்டியே" என்றார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

ஜாக்குலின்


பூஞ்சேரி
30 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மதர் கடிதத்தைக் கொடுத்தார்களா?

இப்போது கட்டுப் பிரிக்கிற அறைக்குள் நான் போகக் கூடாது. அம்மாவே சிஸ்டரிடம், "இவ வெளிய நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். சிஸ்டரே ஒரு கையால் வேலை செய்துகொண்டு, "இன்னாம்மா தெரியுது?" என்று கேட்கிறார். அம்மா பதில் சொல்வது வெளியே கேட்கும். முன்பு போல நீளமாக இல்லை. "மலை" என்பாள். அவ்வளவுதான். கிழிந்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது. நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நடுவில் தனியாகத் துணி வைக்கிறார்கள்.

பதினைந்து நாள் அம்மா என்னிடம் வேலைக்கு மட்டும்தான் பேசினாள். நேற்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாக ஆரம்பித்தாள்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நீ குனியறதையும் பாத்தேன். யாரைப் பாத்துக் குனியறன்னும் பாத்தேன். செங்கல்லு நகுந்தது என் கால்லயே பட்டுச்சி."

மடித்த துணியைக் கீழே வைத்தேன்.

"அப்போ ஏம்மா மாமா மேல…"

"அவரே நான்தான் நான்தான்னு கத்துனாரு. நான் இன்னா பண்ணட்டும்? பெத்தவ கையைக் கொளுத்துனவன்னு ஊரு பூரா உன்னைச் சொல்லும். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவானா? அவரு ஆம்பளை, வயசானவரு, தாங்கிக்குவாரு. வாயை மூடிகினு இரு."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாள். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

"கண்ணைத் தொறந்தா முனிசாமி அண்ணன் சோத்தோட நிக்கிறாரு. மூடுனா உன் மூஞ்சி. அந்தக் கண்ணாடிக்குள்ள போனாதான் எதுவும் இல்லாம இருந்துச்சி. அங்கயும் எடுத்துகினு வந்துட்ட."

பதில் எழுது அக்கா. நல்லதோ கெட்டதோ ஒரு வரி போதும்.

ஜாக்குலின்


கும்பகோணம்
19 அக்டோபர் 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தங்கை ஜாக்குவுக்கு, உடம்பு நலமாகவே இருக்கிறது. உன் கடிதங்களை மதர் கொடுத்துவிட்டார். நான்தான் எழுதவில்லை. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

உனக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதனால் இதில் யோசனை எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஆகஸ்டில், முழங்கை வரைக்கும் என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றே மதர் என்னைக் கூப்பிட்டு, "ஏழு நாள் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா, நான் அனுமதிக்கிறேன்" என்றார். வண்டிச் செலவுக்கும் எடுத்து வைத்தார். நான் போகவில்லை. பயிற்சிக்கு இடைஞ்சல் வரும் என்று சொன்னேன். அது உண்மையில்லை. வந்து அந்தக் கையைப் பார்த்தால் திரும்பிப் போக மனம் வராது என்று பயந்தேன். நான் இங்கே வந்ததால்தான் நீ பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவோடு வண்டிக்குப் போனாய். நான் அங்கே இருந்திருந்தால் நீயும் கழுத்தில் அட்டையோடு அந்தப் பெண்களுடன் நடந்து வந்திருப்பாய். வண்டிக்கு அடியில் ஒளிந்திருக்க மாட்டாய். இதெல்லாம் தெரிந்துதான் வராமல் இருந்தேன். வராமலே, "கையைப் பிடித்துக்கொண்டு சொல்" என்று உனக்கு எழுதினேன்.

கண்ணை மூடிக்கொண்டு வேறு இடத்தில் இருக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

பிரபா


பூஞ்சேரி
28 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அம்மா, "பிரபா இன்னா எழுதுது?" என்று கேட்டாள். சுகமாக இருக்கிறாளாம், உன்னை விசாரித்தாளாம் என்று படித்துக் காட்டுவது போலச் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லப் பழகிவிட்டது.

நீ வந்திருக்கலாம். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

ரோஹித் சார் சோதனை முடிந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கடைசி நாளில் அவரிடம், "அந்தப் பறவையை ஒருத்தரும் அடிக்கலன்னு எழுதிக்கோ சார்" என்றாளாம். சிஸ்டர் சொன்னார். இப்போது வெறும் ஊசிதான். சீழ் நின்றுவிட்டது. சுண்டுவிரல் கொஞ்சம் மடங்குகிறது.

முனிசாமி மாமாவிடம் போகப் போகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. பதில் எழுதாதே. உன் பதில் வருகிற வரைக்கும் காத்திருந்தால் பயந்துவிடுவேன்.

ஜாக்குலின்


பூஞ்சேரி
10 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் மகாபலிபுரம் பஸ் ஏறினேன். ஸ்டாண்டுக்குப் பின்னால் முனிசாமி மாமா தனியாக உட்கார்ந்து கரியை விசிறிக்கொண்டிருந்தார். ஒரு டிரைவர் மட்டும் சோளம் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் போகிறவரை தூரத்தில் நின்றேன். மாமாவே பார்த்துவிட்டார்.

"இன்னா பாப்பா, அம்மாவுக்கு இன்னாச்சி?"

"ஒண்ணும் ஆவல மாமா."

அப்புறம் சொன்னேன். ஜோதிலட்சுமி, வண்டிக்கு அடியில் நுழைந்தது, செங்கல், அந்த ஒரு நொடி, எல்லாம். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். குரல் வந்தது. அவர் விசிறுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் விசிறிக்கொண்டே இருந்தார். கரியில் வைத்திருந்த சோளம் ஒரு பக்கம் கறுத்துப்போனது.

"எத்தினி மாசம் ஆச்சி?"

"நாலு மாமா."

"நாலு மாசமா என் கையை நானே நம்பல. வண்டி தள்ளுறப்போ ஒரு கொழந்தை குறுக்க வந்தா அப்படியே நின்னுடுறேன். மாமிகிட்டகூட சொல்லல." விசிறியைக் கீழே போட்டார். "எம்பொண்ணா இருந்தா ரெண்டு அறை வுட்டிருப்பேன்."

"ரெண்டு அறை வுடுங்க மாமா."

"சீ, போ."

நான் போகவில்லை. சங்கத்தில் வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் அக்கா, ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர், "வந்துதான் ஆவணும். நாலு பேரு எதிருலதான் என்னை வெளிய போடான்னாங்க. அதே நாலு பேரு எதிருல சொல்லு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வருகிறேன் என்றேன்.

திரும்பியபோது கூப்பிட்டார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் கேட்ட மாதிரியை உனக்கு எழுதிக் காட்ட முடியவில்லை. அதற்கு முன் நான் சொன்னது எதுவும் அவருக்கு அவ்வளவு பெரிதாக இல்லை. இதற்குப் பதில் வருகிற வரைக்கும் அவர் மூச்சுவிடவில்லை. உண்மை சொல்ல வந்த இடம். சொல்லியிருக்க வேண்டும்.

"தெரியாது மாமா" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார். முகமே மாறிவிட்டது. "தெரிஞ்சிருந்தா என் தங்கச்சி என் வூட்டு சோத்தைத் துன்னுகினு இருக்குமா?" வண்டிக்கு அடியிலிருந்து தூக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். "நான் வரத்துக்கு நேரமாவும். நீயே எடுத்துகினு போ. சூடா போடு. நெத்திலிக் கொழம்பு, அதுக்குப் புடிக்கும்."

பஸ்ஸில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடு தொடையில் ஏறியது.

அம்மாவுக்குத் தட்டு வைத்தேன். வலது கையால் பிசைந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அண்ணன் வரலையா? தூக்கு எப்படி உங்கிட்ட வந்துச்சி?" என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. பிசைந்துகொண்டே கேட்டாள். கடைசியில் மாமா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"தெரியாதுன்னா சொன்ன?"

"ஆமாம்மா."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மாவின் கையில் ஒரு உருண்டை இருந்தது. அதைத் தட்டிலேயே வைத்தாள். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். புடவையை ஒற்றைக் கையால் இழுத்துச் சரிசெய்துகொண்டு கதவோரம் செருப்பைத் தேடினாள்.

"எங்கம்மா போற? நானும் வரேன்."

"நீ இரு."

"ஒரு கையை வெச்சிகினு எப்படிம்மா பஸ்ஸுல ஏறுவ?"

"ஏறிக்கிறேன். உனக்கு அங்க இன்னா வேலை?"

ஜன்னலில் நின்று பார்த்தேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். முதல் பஸ் கூட்டமாக வந்தது. அதை விட்டுவிட்டாள். இரண்டாவதாக வந்த மகாபலிபுரம் பஸ்ஸில் கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார்.

போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. போன் செய்தேன். அம்மாவின் போன் சமையலறையிலேயே அடித்தது. தட்டில் சோறு அப்படியே காய்ந்துகொண்டிருக்கிறது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

உன் தங்கை,
ஜாக்குலின்